சனிக்கிழமையும் ஒரு டிரம் தண்ணீரும்

போன சனிக்கிழமை காலை. அந்தமானில், போர்ட் பிளேரின் ஷாதிபூரில் எங்கள் வீட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இவர் தன் தலையில் நல்லெண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

தெருவில் சைக்கிளில் போன ஒருவர் பிரேக் போட்டு நின்றார். எங்களுக்கு அறிமுகமே இல்லாத மனிதர். இவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, "சாப், இன்னிக்கு சனிவார் இல்ல? டிரம்முல பானி இருக்கா, பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் ஒன்றும் காதில் விழாதவள் போல அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்கு இவர் என்ன பதில் சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஆள் ஏன் அப்படிக் கேட்டார் என்பது முதலில் தெரிய வேண்டும் இல்லையா? அதற்கு இந்தக் கோடையில் நாங்கள் பாய்மரப் படகில் ஊர் சுற்றிய கதைக்குப் போக வேண்டும்.

கோடை லீவு என்றால் உங்களுக்கு பஸ், ரயில். எங்களுக்குக் கப்பல். மார்ச் பிறந்தால் போதும், போர்ட் பிளேரில் இரண்டு தமிழர் சந்தித்தால் முதல் பேச்சு, "டிக்கெட் கெடச்சுதா?" என்பதுதான். எங்களுக்கு இந்த வருஷம் கிடைக்கவில்லை. கப்பல் ரிப்பேருக்குப் போய்விட்டது, அடுத்த கப்பலில் இடமில்லை. இவருக்கோ லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. பையன் மெட்ராஸில் காலேஜ் ஹாஸ்டலில்... அவன் மாமா வீட்டுக்குப் போய்க்கொள்வான். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதம் வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வது?

அப்போதுதான் ராயப்பன் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே மீன் பிடிக்க வந்து தங்கிவிட்ட மனிதர். லாங் ஐலண்டில் வீடு. சொந்தமாக ஒரு பாய், ஒரு மரம் வைத்த சின்னப் படகு. கோடையில் மீனை விட்டுவிட்டு வெங்காயம், வற்றல் மிளகாய், துணிமணி ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போய் விற்பார். இந்த முறை அவருக்கு இன்னொரு சரக்கும் இருந்தது. அவர் மனைவி பிலோமினா தலைப்பிரசவத்துக்கு ஷாதிபூரில் எங்கள் பக்கத்து வரிசையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். வழியில் பிலோமினாவுக்குத் துணையாக இருக்கும், நீங்களும் வாருங்கள், அப்படியே வடக்கே திக்லிபூர் வரை சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுகிறேன் என்றார்.

இவர் உடனே சரி என்றார். நான் உடனே மாட்டேன் என்றேன். மறுவாரம் நாங்கள் படகில் இருந்தோம்.

படகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? உங்கள் வீட்டு சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை வெட்டி எறியுங்கள். மிச்சத்தில் நான்கு பேரும் ஒரு குழந்தையும் சமைத்து, சாப்பிட்டு, தூங்கி, துணி உலர்த்தி, சண்டையும் போட வேண்டும். இதெல்லாம் ஒரே இடத்தில், ஆடிக்கொண்டே.

மணல் நிரப்பிய ஒரு பெட்டிக்குள் ஸ்டவ். உலை வைக்கும்போது கொஞ்சம் கடல் தண்ணீரும் சேர்த்து ஊற்றிவிட்டால் சோற்றுக்கு உப்பே போட வேண்டாம். பின்பக்கம் என் பழைய புடவையைக் கட்டி ஒரு மறைவு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். தார்ப்பாய்க் கூரையைத் தாங்கும் மூங்கிலில் பிலோமினா தூளி கட்டியிருந்தாள். ஆட்டிவிட ஆளே தேவையில்லை, அலை பார்த்துக்கொண்டது. அந்தப் பயல் சேவியர் போல நிம்மதியாகத் தூங்கின மனிதனை நான் பார்த்ததில்லை. படகின் ஓரமெல்லாம் அவன் துணிகள் பறந்தன. நீல் தீவில் ஒரு பெங்காலிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, எந்த தேசத்துக் கொடி என்று கேட்டாராம்.

எனக்கே ஆச்சரியம், மூன்றாம் நாளிலிருந்து படகு எனக்குப் பிடித்துப் போயிற்று. தபால் இல்லை, வாசல் மணி இல்லை. நாத்தனார் வீட்டு விசேஷத்தில் யார் யாருக்கு என்ன புடவை எடுத்தார்கள் என்ற பேச்சு இல்லவே இல்லை.

ஒன்று மட்டும் அளந்துதான் செலவழிக்க வேண்டும். தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஒரே ஒரு டிரம். குளியல் எல்லாருக்கும் கடலில்தான். கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் மேலுக்கு ஊற்றிக்கொள்ளலாம். கரை கிடைக்கும் இடத்தில் கிணறு பார்த்து டிரம்மை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஹேவ்லாக்கில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் நிரப்பினோம். அங்கிருந்து அடுத்து நேரே லாங் ஐலண்ட் போக வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் காய்கறி வாங்கவும், குழந்தைத் துணியை ஓடையில் அலசவும் நான், பிலோமினா, ராயப்பன் மூவரும் குழந்தையோடு கரைக்குப் போனோம். படகுக்குக் காவலாக இவர் இருந்தார்.

திரும்பி வந்தபோது இவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகம் பளபளக்க, புது மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். சீயக்காய் வாசனை கமகமவென்று வந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை இவர் எதற்காகவும் விட்டதில்லை. மாமனார் காலமான வாரம் தவிர. ஊரை விட்டுக் கிளம்பும்போதே நல்லெண்ணெய் பாட்டிலையும் சீயக்காய் டப்பாவையும் தன் பெட்டியில் தானே எடுத்து வைத்துக்கொண்டவர். கடலில் குளித்திருப்பார் என்று நினைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு உப்புத் தண்ணீரில் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் தலை, அவர் பிசுக்கு... நமக்கென்ன?

நல்ல காற்று. பாயை ஏற்றினோம். மத்தியானம், கரையில் வாங்கி வந்த பொட்டலத்தைச் சாப்பிட்டு, என் கூஜாத் தண்ணீரைக் குடித்த பிறகு காற்று நின்றது.

நின்றது என்றால் விசிறியை ஆஃப் பண்ணின மாதிரி நின்றது. பாய் தொங்கிப் போயிற்று. கடல் அசையவில்லை. சுற்றிலும் தூரத்தில் தீவுகள் தெரிந்தன. எல்லாம் காடு. கிணறும் இல்லை, ஆளும் இல்லை, கரையைச் சுற்றிலும் பவளப் பாறை. சாயங்காலம் கட்டாயம் காற்று வரும் என்று ராயப்பன் சொன்னார். சரி, அதுவரை ஒரு காபி போடலாம் என்று நான் டிரம்முக்குள் செம்பை விட்டேன்.

டங் என்றது.

அடியில் தட்டின சத்தம். நான் குனிந்து பார்த்தேன். செம்பைச் சாய்த்துச் சாய்த்து மொண்டால் ஒரு செம்பு தேறும். அவ்வளவுதான்.

இவரைப் பார்த்தேன். இவர் டிரம்மைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. விசாரணையில் தெரியவந்தது இதுதான். இவர் முதலில் கடல் தண்ணீரில்தான் குளித்திருக்கிறார். எண்ணெய் போகவில்லை. சீயக்காய் தலையில் சேறு மாதிரி ஒட்டிக்கொண்டது. "அப்படியே விட முடியுமா?" என்று டிரம்மைத் திறந்திருக்கிறார். ஒரு செம்பு, இன்னொரு செம்பு... எண்ணெய்க் குளியல் உங்களுக்குத் தெரியாதா? பாதியில் நிறுத்துகிற காரியமா அது?

எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் போதாது. முதலில் வந்தது பயம். சேவியருக்குத் தாய்ப்பால் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அந்த வெயிலில் பிலோமினா தண்ணீர் குடிக்காமல் இருந்தால் பால் எங்கிருந்து வரும்? என் பயண கூஜாவில் கொஞ்சம் இருந்தது. அதையும் டிரம்மின் அடித் தண்ணீரையும் சேர்த்து அவளுக்கென்று வைத்தோம். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. மற்றவர்கள் அந்தப் பக்கம் கையை நீட்டவில்லை, அவ்வளவுதான்.

படகில் வேறு என்ன இருந்தது? மூட்டை மூட்டையாக வற்றல் மிளகாய். ஹேவ்லாக்கில் வெள்ளரிக்காய் வாங்கியிருக்கலாம். நான் பார்த்துப் பார்த்து வாங்கியது சேனைக்கிழங்கு.

"இந்த டிரம்மை நேத்து யார் ரொப்பினா, தெரியுமா உங்களுக்கு?" என்று இவரிடம் கேட்டேன்.

இவர் யோசித்தார். "ராயப்பன்தானே?"

ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவராலும் பிலோமினாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முதல் நாள் சாயங்காலம் இவர்கள் இருவரும் மணலில் உட்கார்ந்து காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கிணற்றில் இறைத்து, இடுப்பில் குடத்தை வைத்து, மணலில் கால் புதையப் புதைய நடந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி டிரம்மை நிரப்பியது நானும் பிள்ளை பெற்றவளும். அப்போது இவர் எங்களைப் பார்க்காமலும் இல்லை. பார்த்து, "மெதுவா, மெதுவா" என்று சொன்னார்.

நான் அதற்கு மேலும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிலோமினா என் கையைப் பிடித்தாள்.

"ஐயாவ ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. எங்க வீட்டுல மட்டும் என்ன வாழுது? தண்ணி எங்கிருந்து வருதுன்னு அவியளுக்கு எப்பவாச்சும் தெரிஞ்சிருக்கா? தொறந்தா இருக்கும். அம்புட்டுத்தான்."

திறந்தால் இருக்கும்! நான் இருபது வருஷமாகச் சொல்லத் தெரியாமல் தவித்ததை அந்தப் பெண் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். இவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியுமா? முடியாது. காலையில் எழுந்தால் அண்டாவில் வெந்நீர் இருக்கும். ஊற்றிக்கொண்டால் மறுநாளும் இருக்கும். சூரியன் உதிக்கிற மாதிரி அது ஒரு ஏற்பாடு என்று நினைத்திருக்கிறார். வீட்டில் அந்த அண்டாவுக்கு அடி இருப்பதே இவருக்குத் தெரியாது. படகில் எல்லாவற்றுக்கும் அடி உண்டு.

இவர் எழுந்து போய் ராயப்பனுக்கு எதிர்ப் பக்கம் உட்கார்ந்து ஒரு துடுப்பை எடுத்தார். ஆபீஸ் ஃபைலைத் தவிர கனமான எதையும் தூக்கியறியாத கை. சரக்கு ஏற்றின படகு அது, நகரவே மனசில்லாமல் நகர்ந்தது. வெளிச்சம் இருக்கும் வரை போட்டார்கள். காற்று வரவில்லை. மறுநாள் விடிந்ததும் மறுபடி போட்டார்கள். அப்போதும் வரவில்லை.

அன்று ஞாயிறு. பூசைக்குப் போக வழியில்லாததால் பிலோமினா படகிலேயே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் ஊர் அம்மனை வேண்டிக்கொண்டேன். கூஜாவில் இரண்டு மடக்குதான் மிச்சம். வெயில் ஏற ஏற சேவியர் சிணுங்கிக்கொண்டே இருந்தான். குடிக்கிறான், விடுகிறான், அழுகிறான். "பால் பத்தலக்கா" என்று பிலோமினா என்னிடம் மட்டும், மெல்லச் சொன்னாள். ஆனால் சின்னப் படகில் மெல்லப் பேசுவது என்று ஒன்று கிடையாது. இவர் துடுப்பை நிறுத்தவில்லை. உதடு வெடித்திருந்தது. நான் பார்த்து இவர் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டால் தாகமில்லை என்றார். துடுப்பில் ரத்தக் கறை இருந்தது. உள்ளங்கை இரண்டும் கொப்புளம் கட்டி உடைந்திருந்தன.

எனக்குக் கோபம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. அந்தக் கையைப் பார்த்தபோது அது இல்லை.

ராயப்பன்தான் முதலில் கேட்டார். டுப் டுப் டுப் என்று எங்கோ ஒரு சத்தம். ஒரு தீவின் முனையைச் சுற்றிக்கொண்டு லாஞ்ச் ஒன்று வந்தது. பின்னால் காட்டுமரக் கட்டைகளைத் தெப்பம் மாதிரி கட்டி இழுத்துக்கொண்டு, எறும்பு ஊர்கிற வேகத்தில் வந்தது. நாங்கள் எல்லாரும் எழுந்து கையை ஆட்டினோம். இவர் ஈரத் துண்டை ஆட்டினார். நான் சேவியரின் துணியை ஆட்டினேன். எங்கள் தேசத்துக் கொடி அன்றைக்குத்தான் பயன்பட்டது.

லாஞ்சை ஓட்டும் சாரங் ஒரு தெலுங்குக்காரர். கூட இருந்தவர்கள் ராஞ்சிக்காரர்கள். தீவு இந்திதான் எல்லாருக்கும் பொது. கயிறு போட்டுப் பக்கத்தில் இழுத்ததும் முதலில் ஒரு டின் தண்ணீரை இறக்கினார்கள். பிலோமினா குடித்தாள். அண்ணாந்து, மூச்சு விடாமல், கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தாள். பிறகு நாங்கள். துருவும் கொஞ்சம் டீசலும் கலந்த தண்ணீர். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு தண்ணீர் நான் குடித்ததில்லை. இவர் கடைசியாகத்தான் டின்னை வாங்கினார். கொப்புளம் உடைந்த கையில் டின் நிற்கவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். அப்பாடா என்று எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

"பானி கதம்? கைஸே?" என்றார் சாரங். தண்ணீர் எப்படித் தீர்ந்தது என்று கேட்கிறார். நியாயமான கேள்விதானே? ஹேவ்லாக்கில் நிரப்பின டிரம், அதுவும் அவ்வளவு பெரிய டிரம்.

ராயப்பன் வானத்தைப் பார்த்தார். நான் சேவியரைப் பார்த்தேன்.

பிலோமினா பட்டென்று, "டிரம் லீக் ஹை, பாய்" என்றாள். டிரம் ஒழுகுகிறது அண்ணே என்கிறாள்.

அவள் சொன்னாள்! யார் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டு இவர் பளபளத்தாரோ, அவள். சாரங் குனிந்து டிரம்மை விரலால் தட்டிப் பார்த்தார். அவருடைய ஆட்கள் அதற்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவர் டிரம்மைச் சுற்றி வந்து மறுபடி பார்த்தார்.

அப்போது இவர் எழுந்து நின்றார். இத்தனை வருஷத்தில் 'என் தப்பு' என்ற வார்த்தை இவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. இந்தியும் இவருக்கு ஆபீஸ் வாசலோடு சரி.

"லீக் நஹி" என்றார். பிறகு தன் தலையைத் தொட்டுக் காட்டினார். "தேல்... சனிவார்... மை நஹாயா. பூரா பானி." எண்ணெய், சனிக்கிழமை, நான்தான் குளித்தேன், மொத்தத் தண்ணீரும் என்கிறார்.

சாரங் இவர் தலையைப் பார்த்தார். இரண்டு நாள் வெயிலுக்கும் உப்புக்கும் பிறகும் அது மினுமினுவென்றுதான் இருந்தது. அவர் தன் ஆட்களுக்கு ஒரு முறை விளக்கினார். அவர்கள் முதலில் நம்பவில்லை. பிறகு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராயப்பன் சிரித்தார். பிலோமினா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இவரும் சிரித்தார். வெடித்த உதடு வலித்திருக்கும்.

அந்தக் கதைதான் லாஞ்ச் லாஞ்சாகப் பரவி, ஜெட்டி ஜெட்டியாக இறங்கி, எங்களுக்கு முன்னாலேயே திக்லிபூர் போய்ச் சேர்ந்து, இப்போது ஷாதிபூரில் சைக்கிளில் வருகிறது.

கட்டைகளும் லாங் ஐலண்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. எங்கள் படகையும் அவற்றின் வாலில் கட்டிவிட்டார்கள். துடுப்பு இல்லை, பாய் இல்லை, கவலை இல்லை. சேவியர் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூளியில் தூங்கினான். நான் சேனைக்கிழங்கு வறுவல் செய்தேன். லாஞ்சுக்காரர்களுக்கும் ஒரு தூக்கில் அனுப்பினோம்.

லாங் ஐலண்ட் ஜெட்டியில் ராயப்பனின் அம்மா நின்றுகொண்டிருந்தார். பேரனை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, நேரே வீட்டுக்குத் தூக்கிப் போய் எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றினார். அவன் போட்ட கூச்சலில் எங்கள் எல்லாருக்கும் உயிர் வந்தது. மறுபடி தண்ணீர் காய வைத்துவிட்டு, களைத்து வந்திருக்கிறீர்கள், ஐயாவும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கட்டும் என்று அந்த அம்மாள் சொன்னார். மகன் இன்னும் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ராயப்பனுக்குப் புரையேறியது.

இவரைக் காணோம். நான் வெளியே வந்து பார்த்தேன். உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தோளில் குடத்தை வைத்துக்கொண்டு கிணற்றுக்கும் ஜெட்டிக்கும் நடந்துகொண்டிருந்தார். மறுநாள் மாயாபந்தர் கிளம்ப வேண்டிய படகின் டிரம்மை நிரப்புகிறார். நான் "மெதுவா, மெதுவா" என்றேன்.

சரி, சைக்கிள்காரருக்கு இவர் என்ன பதில் சொன்னார் என்று சொல்கிறேன் என்றேனே? எண்ணெய் வழிகிற முகத்தோடு எழுந்தார். வாசலோரம் இருந்த டிரம்மின் மூடியைத் திறந்து காட்டினார். விளிம்பு வரை தண்ணீர்.

"இருக்கு பாய்" என்றார். "நான்தான் ரொப்பினேன்."

கல்யாணமாகி இருபது வருஷம் என்னால் சொல்லிப் புரியவைக்க முடியாததை, காற்று ஒரே ஒரு நாள் வீசாமல் இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டது.